குள்ள யானைக்குச் சொந்த ஊர் எது?



யானை என்றாலே பெரிய உருவம்தான் நம்ம கண்ணு முன்னாடி வரும். ஆனால் யானைகளிலும் சிறுத்த யானை உண்டு. மலேசியாவின் சபா மாநிலத்தில், போர்னியோ தீவின் வடகிழக்கு மூலையில் அது வாழ்கிறது. அதைப் பற்றி நான் படித்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

எப்படி இருக்கும்?

வளர்ந்த ஆண் யானையே சுமார் இரண்டரை மீட்டர் உயரம்தான். மற்ற ஆசிய ஆண் யானைகள் மூன்று மீட்டர் வரை வளரும். முகம் குட்டி யானை முகம் மாதிரி உருண்டையாக இருக்கும். காது பெரிசு. வால் ரொம்ப நீளம், சிலவற்றுக்குத் தரையைத் தொடுகிற அளவுக்கு இருக்கும். தந்தம் அதிகம் வளையாமல் நேராக இருக்கும்.

வந்த யானையா, சொந்த யானையா?

பல வருஷமாக ஒரு கதை சொன்னார்கள். சூலு நாட்டு சுல்தானுக்கு யாரோ பரிசாகக் கொடுத்த யானைகளைக் காட்டில் விட்டார்களாம், அதன் வாரிசுகள்தான் இவை என்று. இது வெறும் கதைதானே என்று நினைக்காதீர்கள். மனிதன் கொண்டுவந்து விட்ட மிருகம் என்றால், "இதைத் தனியாகக் காப்பாற்ற என்ன அவசியம்?" என்று கேட்டுவிடுவார்கள்.

இதற்கு விடை சொன்னது டி.என்.ஏ. இலங்கை ஆய்வாளர் பிரிதிவிராஜ் பெர்னாண்டோவும் அவர் குழுவினரும் 2003-ல் ஆய்வை வெளியிட்டார்கள். போர்னியோ யானையின் மரபணு மற்ற ஆசிய யானைகளுடையது போல் இல்லை, வெகு காலம் முன்பே பிரிந்தது என்று தெரிந்தது. 2018-ல் வந்த இன்னொரு ஆய்வு, சுமார் 11,000 முதல் 18,000 ஆண்டுகளுக்கு முன் இவை போர்னியோவுக்கு வந்திருக்கலாம் என்கிறது. அப்போது கடல் மட்டம் தாழ்ந்து தீவுகள் நிலத்தால் இணைந்திருந்தன. யானை நடந்தே வந்திருக்கும். ஆக, எந்த சுல்தானுக்கும் முன்னாலிருந்தே அது அந்த ஊர் யானைதான்!

லத்தியை எண்ணினால் யானையை எண்ணலாம்

அடர்ந்த காட்டில் யானை கண்ணில் படாது. அதனால் அதன் லத்தியை எண்ணுகிறார்கள். கணக்குப் பாடம் மாதிரி பார்ப்போம்.

1. ஒரு யானை ஒரு நாளைக்கு 16 தடவை லத்தி போடுகிறது என்று வைத்துக்கொள்வோம்.
2. ஒரு லத்தி மக்கி மறைய 100 நாள் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம்.
3. அப்படியானால் எந்த நாளில் பார்த்தாலும் ஒரு யானைக்கு 16 × 100 = 1,600 லத்தி காட்டில் கிடக்கும்.
4. ஒரு காட்டில் 8,000 லத்தி இருந்தால், 8,000 ÷ 1,600 = 5 யானை.

காடு முழுக்க எண்ண முடியாது. நேர்கோட்டில் நடந்து, வழியில் கிடப்பதை எண்ணி, மொத்தக் காட்டுக்கும் கணக்குப் போடுவார்கள். மழையில் லத்தி சீக்கிரம் கரையும் என்பதால் மக்கும் நாளை அந்தந்தக் காட்டிலேயே அளக்க வேண்டும்.

2010-ல் வெளியான கணக்கு, சபாவில் சுமார் 2,000 யானை என்றது. 2024-ல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இந்த யானையை முதன்முறையாகத் தனியாக மதிப்பிட்டு, அழியும் அபாயப் பட்டியலில் சேர்த்தது. மிச்சம் சுமார் 1,000 தானாம். அதில் குட்டி போடும் வயதுள்ளவை சுமார் 400. இந்தக் கணக்குகளில் கூடக்குறைய இருக்கும். ஆனாலும் இறங்குமுகம்தான். ஒரு பெரிய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எண்ணிக்கைகூட இல்லை பாருங்கள்!

ஏன் குறைகிறது?

காட்டை வெட்டி எண்ணெய்ப் பனை நட்டார்கள். கினபாதாங்கான் ஆற்றங்கரையில் காடு ஒல்லியான பட்டை மாதிரி ஆகிவிட்டது. போக வழியில்லாத யானை தோட்டத்தில் புகுந்து இளம் பனங்கன்றைத் தின்கிறது. மனிதனுக்குக் கோபம் வருகிறது. வேறு மிருகத்துக்கு வைத்த சுருக்குக் கண்ணியிலும் யானையின் கால், தும்பிக்கை மாட்டுகிறது. 2013 ஜனவரியில் குனுங் ராரா காட்டில் 14 யானைகள் செத்துக் கிடந்தன. விஷம் என்று சந்தேகித்தார்கள். மூன்று மாதக் குட்டி ஒன்று செத்த தாயை எழுப்பப் பார்த்த படத்தை உலகமே பார்த்தது.

நம்ம பக்கத்துக் கல்லானை

நம் அகத்தியமலைப் பக்கமும் ஒரு குள்ள யானைப் பேச்சு உண்டு. கேரளாவின் பேப்பாறை காட்டில் வாழும் காணி மக்கள், பாறையில் சுலபமாக ஏறும் 'கல்லானை' என்று ஒரு சின்ன யானை இருப்பதாகச் சொல்கிறார்கள். 2005-ல் சாலி பாலோடு என்ற புகைப்படக்காரர் படமும் எடுத்தார். ஆனால் படத்தை மட்டும் வைத்து அது தனி வகையா, வளர்ச்சி குறைந்த சாதாரண யானையா என்று சொல்ல முடியாது. விஞ்ஞானிகள் இன்னும் ஏற்கவில்லை. இங்கேயும் லத்தியும் டி.என்.ஏ.வும்தான் பேச வேண்டும். எதுவானாலும் காடு இருந்தால்தான் தேடவாவது முடியும். தமிழ்நாட்டுப் பக்கம் 1,197 சதுர கிலோமீட்டர் காட்டை 2022-ல் அகத்தியமலை யானைகள் காப்பகமாக அறிவித்தது நல்ல விஷயம்.

புழலுக்கும் போர்னியோவுக்கும் என்ன சம்பந்தம்?

ரேஷன் கடையில் வாங்குகிற பாமாயில் பாக்கெட்தான் சம்பந்தம். உலகத்திலேயே அதிகமாகப் பாமாயில் இறக்குமதி செய்யும் நாடு இந்தியா. பெரும்பகுதி இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் இருந்து கப்பலில் வருகிறது. அதற்காக நாளையிலிருந்து வீட்டில் பாமாயில் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? விலை குறைந்த எண்ணெய் இல்லாமல் பல வீட்டில் அடுப்பு எரியாது. மேலும் ஒரு ஏக்கரில் எண்ணெய்ப் பனை தரும் அளவு எண்ணெயைக் கடலையோ சூரியகாந்தியோ தராது. அதனால் பனையே கூடாது என்பது என் கருத்தல்ல. புதிதாகக் காட்டை வெட்டாமல், தோட்டங்களுக்கு நடுவில் யானை போக வழி விட வேண்டும். காட்டை அழிக்காத தோட்டத்து எண்ணெய்தான் வேண்டும் என்று வாங்குகிற நாடும் கேட்க வேண்டும். அதிகம் வாங்குகிற நாம் கேட்டால் அதற்கு மதிப்பு உண்டுதானே?

யோசிக்க:
1. ஒரு காட்டில் 24,000 லத்தி இருந்தால், மேலே சொன்ன கணக்குப்படி எத்தனை யானை?
2. மழைக்காலத்தில் லத்தி 50 நாளில் மக்கினால் விடை எப்படி மாறும்?
3. உங்கள் வீட்டு எண்ணெய் பாக்கெட்டில் எந்த நாட்டுப் பேர் போட்டிருக்கிறது? பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.