எம்.ஆர்.ஐ. ஸ்கேன்: காந்தம் எப்படிப் படம் எடுக்கிறது?



"எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்கிறீர்கள். பிறகு எதற்கு இத்தனை ஆயிரம் செலவழித்து இன்னொரு படம்?" முதுகுவலியோடு வருகிறவர்கள் எங்களிடம் கேட்கும் கேள்வி இது. ஏழை நோயாளிகள் நிதிக்குக் காணிக்கை அனுப்பும் உங்களில் சிலரும் இதையே கேட்டு எழுதியிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

முதுகெலும்பில் டி.பி. கண்டால், எலும்பின் சுண்ணாம்புச் சத்து மூன்றில் ஒரு பங்காவது கரைந்த பிறகே எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும். அதற்குள் சீழ் கட்டித் தண்டுவடத்தை நெருக்கிவிட்டால் கால்கள் விழுந்துவிடும். முன்னதாகக் கண்டுகொண்டால் பலருக்கு மாத்திரைகளே போதும். எம்.ஆர்.ஐ. சுண்ணாம்பைத் தேடுவதில்லை, தண்ணீரைத் தேடுகிறது. நோய் பற்றிய இடத்தில் முதலில் ஊறுவது தண்ணீர்தான்.

நம் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர். தண்ணீரில் ஹைட்ரஜன். அதன் அணுக்கரு ஒரே ஒரு புரோட்டான். அது ஒரு குட்டிக் காந்தம். சாதாரணமாக இவை ஆளுக்கொரு திசையில் கிடக்கின்றன. 1.5 டெஸ்லா காந்தத்துக்குள், அதாவது பூமியின் காந்தத்தைப்போல் ஏறத்தாழ 30,000 மடங்கு வலிமைக்குள் நோயாளியைப் படுக்கவைத்தால், அவை அணிவகுக்கும். எல்லாம் ஒரே பக்கம் திரும்பிவிடும் என்று எண்ணவேண்டாம். பாதி இப்படியும் பாதி அப்படியும் நிற்கும். காந்தத்தின் திசையில் நிற்பவை பத்து லட்சத்துக்கு ஏறக்குறைய ஐந்துதான் கூடுதல். ஒரு துளித் தண்ணீரில் எண்ணிமுடியாத புரோட்டான்கள் இருப்பதால் அந்த ஐந்தே போதுமானதாகிறது. நினைத்தால் எங்களுக்கு இன்றும் வியப்புத்தான்.

பம்பரம் சுழலும்போது தலையை ஆட்டுமல்லவா? புரோட்டானும் அப்படியே ஆடுகிறது, விநாடிக்குச் சுமார் 6 கோடியே 39 லட்சம் தடவை. அதே வேகமுள்ள ரேடியோ அலையை அனுப்பினால் புரோட்டான்கள் அதை வாங்கிக்கொண்டு சாய்கின்றன. ஊஞ்சலை அதன் தாளத்துக்கே தள்ளினால்தானே உயரும்? அலையை நிறுத்தியதும் அவை பழைய நிலைக்குத் திரும்பியபடி மெல்லிய சமிக்ஞை ஒன்றை விடுகின்றன. இந்த ஒத்ததிர்வை 1946-ல் பிளாக், பர்செல் இருவரும் தனித்தனியே கண்டறிந்து, 1952-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

ஆனால் சமிக்ஞை எந்த இடத்திலிருந்து வருகிறது? இங்கேதான் நுட்பம். காந்தத்தின் வலிமையை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சிறிது சிறிதாகக் கூட்டினால், ஒவ்வோர் இடத்துப் புரோட்டானும் வெவ்வேறு வேகத்தில் ஆடும். ஆர்மோனியத்தில் சுரத்தைக் கேட்டே எந்தக் கட்டை என்று சொல்லிவிடுகிறோமே, அதுபோலக் கணிப்பொறி அதிர்வெண்ணைக் கொண்டு இடத்தைக் கணக்கிடுகிறது. இந்த வழியைப் பால் லாட்டர்பர் 1973-ல் வெளியிட்டார். அவருடைய முதல் படம் இரண்டு சிறு குழாய்களில் இருந்த தண்ணீர்தான். 2003-ல் அவருக்கும் பீட்டர் மேன்ஸ்ஃபீல்டுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஸ்கேன் அறையில் 'டக்டக்' என்று காதைப் பிளக்கும் சத்தம், இந்தக் கூட்டுதல் குறைத்தலுக்கான மின்சுருள்கள் அதிர்வதால் வருவது. ஆபத்தில்லை என்று முன்கூட்டியே சொல்லி, காதில் பஞ்சு வைத்து அனுப்பினால் நோயாளி அசையாமல் படுத்திருப்பார்.

திரும்பும் நேரம் திசுவுக்குத் திசு வேறுபடும். டி1 என்ற படத்தில் கொழுப்பு வெளுப்பாகவும் தண்ணீர் கறுப்பாகவும் தெரியும். டி2 படத்தில் தண்ணீர் பளிச்சென்று வெளுத்திருக்கும். டி.பி. பற்றிய எலும்பு முதலாவதில் கறுத்து, இரண்டாவதில் வெளுக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தே முடிவு சொல்வார்கள்.

இதில் எக்ஸ்ரே கதிர்வீச்சு இல்லை. ஆபத்து காந்தத்தில் உண்டு. மீக்கடத்திச் சுருளைத் திரவ ஹீலியம் மைனஸ் 269 டிகிரிக் குளிரில் வைத்திருப்பதால், கரண்ட் போனாலும் காந்தம் அணைவதில்லை. 2018 ஜனவரியில் மும்பையில், உறவினரின் ஸ்கேனுக்காக ஆக்சிஜன் சிலிண்டரோடு அறைக்குள் போன வாலிபர் இயந்திரத்துக்குள் இழுக்கப்பட்டு இறந்தார். ஆகவே அனுப்புமுன் பேஸ்மேக்கர், மூளை இரத்தக்குழாய்க் கிளிப், தாலிச்சரடில் கோத்த ஊக்கு எல்லாவற்றையும் விசாரிக்கிறோம். லேத் பட்டறையிலோ வெல்டிங்கிலோ வேலை செய்தவரா என்றும் கேட்கிறோம். கண்ணில் இரும்புத் தூள் தங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தால், முதலில் கண்ணுக்கு ஓர் எக்ஸ்ரே.