முருங்கையிலைத் தூளும் முட்டையின் மஞ்சட்கருவும்

இரண்டு முட்டைகளை உடைத்துப் பார்க்கிறோம். ஒன்றின் மஞ்சட்கரு வெளிறியிருக்கிறது, மற்றது செம்மஞ்சள். "சிவந்ததில்தான் சத்து" என்பார்கள் எமது பெரியவர்கள். இது பாதி உண்மை.

அந்த நிறத்தைக் கோழியின் உடல் தானாக உண்டாக்குவதில்லை. பச்சிலையிலும் மஞ்சட் சோளத்திலும் உள்ள லூட்டீன் போன்ற நிறப்பொருட்கள் தீனோடு சென்று கருவில் படிகின்றன. மேயவிடாமல் குறுணலும் தவிடும் தேங்காய்ப் பிண்ணாக்கும் மட்டும் போட்டால் கரு வெளிறிவிடும்.

விற்றமின் ஏ வேறு விடயம். இலையிலுள்ள கரோட்டீனைக் கோழி விற்றமின் ஏ ஆக மாற்றிக் கருவில் சேர்க்கிறது. அதற்குக் கண்ணில் படக்கூடிய நிறமில்லை. ஆகவே, விற்றமின் கலந்த கம்பனித் தீன் தின்ற கோழியின் வெளிறிய முட்டையிலும் அச்சத்து உண்டு. நிறமூட்டி மட்டும் சேர்த்த தீனால் முட்டை அழகாகும், அவ்வளவுதான். பச்சிலையிலோ இரண்டும் கிடைக்கும். விற்றமின் ஏ குறைந்த பிள்ளைக்கு மாலைக்கண் வரும். அந்த வீட்டு வேலியில் முருங்கை தழைத்து நிற்பதையும் காண்கிறோம். முட்டையின் புரதமும் இரும்புச் சத்தும் மட்டும் இலையால் பெரிதாக மாறுவதில்லை.

முருங்கையிலையை உருவிக் கழுவி, பாயில் மெல்லியதாகப் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் கரோட்டீன் அழிந்துவிடும். அடிக்கடி புரட்டிவிட்டு, கையில் நொறுங்கும் பதம் வந்ததும் உரலில் இடித்து அரித்து, மூடியுள்ள ரின்னில் வையுங்கள். ஒரு கிலோ தூளுக்கு 4 அல்லது 5 கிலோ பச்சையிலை வேண்டும். ஒரு மாதத்துக்குப் போதுமானதை மட்டும் இடிப்பது நல்லது.

100 கிலோ தீனுக்கு 5 கிலோ தூள் போதும். பத்துக் கோழிகள் நாளொன்றுக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேலாகத் தின்னும். அதில் 50 கிராம் கலக்கலாம். நல்லதுதானே என்று அள்ளிப் போட்டால் கோழி தீனைக் குறைக்கும், முட்டையும் குறையும். இலை தீனுக்குத் துணை மட்டுமே. முருங்கையில் கல்சியம் உண்டென்று சிப்பித்தூளையும் நிறுத்திவிடாதீர்கள்.

எல்லா இலையும் கோழிக்கு ஆகாது. இப்பில் இப்பில் இலையில் மிமோசின் என்னும் நச்சுப்பொருள் உண்டு. உலர்த்திய தூளானாலும் நூற்றுக்கு ஐந்தைத் தாண்டக்கூடாது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் நாம் விரும்பி ஒடித்துப் போடும் அகத்தி கோழிக்கு நஞ்சு. குஞ்சுகள் இறந்தும் போகும். ஆடு தின்பதைக் கோழியும் தின்னட்டும் என்று எண்ணுவோர் பலர். எனவே ஆட்டுக்குக் கட்டிய அகத்திக் குழையைக் கோழிகள் கொத்தாதபடி உயரத்தில் கட்டுங்கள்.

ஒரு மஞ்சட்கரு கோழியின் வயிற்றில் வளரப் பத்து நாட்கள் வரை செல்லும். தூள் கொடுக்கத் தொடங்கி இரண்டு கிழமைக்குப் பின் ஒரு முட்டையை உடைத்துப் பாருங்கள். நிறம் மாறியிருந்தால், அன்றிலிருந்து சின்னப் பிள்ளைகளுக்கென்று சில முட்டைகளைப் புறம்பாக எடுத்து வைத்துவிட்டு, மிகுதியைக் கடைக்குக் கொடுங்கள்.