கம்பிக்கு வெளியே பாயும் மின்னாற்றல்

சுவிட்சைத் தட்டியதும் விளக்கு எரிகிறது. எலக்ட்ரான்கள் ஒயருக்குள் ஒளிவேகத்தில் ஓடிவந்து விளக்கில் ஆற்றலைக் கொட்டுகின்றன என்பதே பெரும்பாலோர் மனத்தில் பதிந்திருக்கும் படம். மின்நிலையம் தொட்டி, ஒயர் குழாய், எலக்ட்ரான் தண்ணீர் என்று பள்ளியில் சொல்லித்தரும் உவமை அதை இன்னும் ஆழமாக ஊன்றிவிட்டது. மின்னழுத்தத்தையும் மின்தடையையும் புரிந்துகொள்ள அந்த உவமை நன்றாகவே உதவும். ஆற்றல் எந்த வழியாக வந்து சேர்கிறது என்று கேட்டால் மட்டும் அது பிள்ளைகளைத் தவறான திசைக்குக் கூட்டிப்போகிறது.

முதலில் வேகத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விளக்குகளுக்கு எலக்ட்ரீஷியன்கள் இழுக்கும் 'ஒன் ஸ்கொயர்' ஒயரில் செம்பின் குறுக்குப் பரப்பு 1 சதுர மில்லிமீட்டர். ஒரு கன மீட்டர் செம்பில் சுமார் 8.5 × 10²⁸ கட்டுறா எலக்ட்ரான்கள் இருக்கின்றன. இந்த ஒயரில் 1 ஆம்பியர் மின்னோட்டம் சென்றால், எலக்ட்ரான் கூட்டம் விநாடிக்கு 0.07 மில்லிமீட்டர்தான் நகரும். பாடநூல்கள் இழுப்புத் திசைவேகம் என்று சொல்வது இதைத்தான். மணிக் கணக்கில் பார்த்தால் ஒரு சாணுக்குச் சற்றே அதிகம். பேட்டரி தரும் நேர்திசை மின்னோட்டமாக இருந்தால், 5 மீட்டர் தள்ளியிருக்கும் விளக்கை ஓர் எலக்ட்ரான் எட்ட ஏறக்குறைய 19 மணி நேரம் பிடிக்கும்.

வீட்டுக்கு வருவதோ மாறுதிசை மின்னோட்டம். அதில் எலக்ட்ரான்கள் எங்கும் போவதே இல்லை. விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னும் அசைகின்றன. அந்த அசைவின் வீச்சு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது.

எலக்ட்ரான்கள் ஆற்றலைச் சுமந்து வருவதில்லை என்பதற்குத் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் இன்னும் உறுதியான சாட்சி. அதன் ஒரு சுருளில் 11,000 வோல்ட் வருகிறது. வீடுகளுக்கான மின்சாரம் மற்றொரு சுருளிலிருந்து கிளம்புகிறது. இரண்டு சுருள்களுக்கும் நடுவே மின்காப்பு இருக்கிறது. இந்தச் சுருளின் எலக்ட்ரான் அந்தச் சுருளுக்குத் தாவ வழியில்லை. இருந்தும் ஒரு தெருவுக்கே தேவையான ஆற்றல் அந்த இடைவெளியைக் கடந்து வந்துகொண்டே இருக்கிறது. எலக்ட்ரான்தான் ஆற்றலைச் சுமந்து வருகிறது என்பவர்கள் இந்த இடத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.

பதிலை 1884-இல் தந்தவர் இயற்பியலாளர் ஜான் ஹென்றி பாயின்டிங். மின்புலமும் காந்தப்புலமும் ஒருசேர இருக்கும் இடத்தில், இரண்டுக்கும் செங்குத்தான திசையில் ஆற்றல் பாய்கிறது என்று மாக்ஸ்வெல்லின் கோட்பாட்டிலிருந்து அவர் வருவித்தார். ஒயரில் இதைப் பொருத்திப் பார்த்தால் ஆற்றல் செம்புக்குள் நீளவாக்கில் போகவில்லை. ஒயரைச் சூழ்ந்த வெளியிலும் மின்காப்பிலும்தான் பாய்கிறது. செம்புக்குள் பக்கவாட்டில் நுழையும் சிறு பகுதி வெப்பமாக வீணாகிறது. பேஸ், நியூட்ரல் இரண்டையும் சுற்றி ஆற்றல் விளக்கை நோக்கியே செல்கிறது என்பது இதில் கவனிக்க வேண்டிய செய்தி. ஒன்றில் போய் மற்றொன்றில் திரும்பி வரும் கதையெல்லாம் இல்லை. மின்னோட்டம் திசை மாறும்போது இரண்டு புலங்களும் சேர்ந்தே திரும்புகின்றன. அதனால் ஆற்றலின் திசை மட்டும் மாறுவதில்லை.

இதைக் கேட்டதும் சிலர் மறு எல்லைக்குத் தாவி, ஒயரே தேவையில்லை என்கிறார்கள். அதுவும் பிழை. ஒயரின் மேற்பரப்பில் சேரும் மின்னூட்டங்களும் உள்ளே செல்லும் மின்னோட்டமும்தான் அந்தப் புலங்களை உருவாக்கி, ஆற்றலுக்கு வழி காட்டுகின்றன. ஒயரை அறுத்தால் விளக்கு அணையத்தான் செய்யும்.

கம்பிக்கு வெளியே என்ன நடக்கிறது என்பதைப் பொருட்படுத்தாமல் விட்டதால் பெரும் பொருளை இழந்தவர்கள் உண்டு. 1858 ஆகஸ்டில் அயர்லாந்தையும் நியூஃபவுண்ட்லாந்தையும் இணைத்து அட்லாண்டிக் கடலடியில் தந்திக் கேபிள் போடப்பட்டது. விக்டோரியா அரசியின் 98 சொல் வாழ்த்து மறுகரை போய்ச் சேரச் சுமார் 16 மணி நேரம் ஆனது. உள்ளே செம்பு, நடுவே கட்டாபெர்ச்சா என்ற மரப்பிசின் உறை, வெளியே கடல்நீர் என்று அமைந்த கேபிள் முழுவதுமே ஒரு நீண்ட மின்தேக்கியாக மாறித் துடிப்புகளை மழுங்கடிக்கும் என்பதை ஃபாரடே முன்பே விளக்கியிருந்தார். இயற்பியலாளர் வில்லியம் தாம்சன் அதைக் கணக்காகவே போட்டுக் கொடுத்திருந்தார். திட்டத்தின் மின்பொறுப்பாளர் வைல்ட்மன் வைட்ஹவுஸ் அந்தக் கணிதத்தை ஏற்கவில்லை. அழுத்தத்தைக் கூட்டினால் செய்தி விரையும் என்று நம்பிச் சுமார் 2,000 வோல்ட் வரை கொடுத்தார். ஏற்கெனவே பழுதுபட்டிருந்த கேபிள் சில வாரங்களிலேயே ஊமையானது. நீடித்து உழைத்த கேபிள் அமைய 1866 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பாயின்டிங் அடித்தளமாகக் கொண்ட மின்காந்தக் கோட்பாட்டின் மாக்ஸ்வெல் சமன்பாடுகள் நான்கையும் மாக்ஸ்வெல்லே இன்றைய வடிவில் எழுதினார் என்பதும் பரவலான நம்பிக்கை. அவருடைய 1865 கட்டுரையில் இருந்தவை 20 சமன்பாடுகள். 1879-இல், 48 வயதில் அவர் இறந்துவிட்டார். இன்று மாணவர்கள் படிக்கும் நான்கு வெக்டர் சமன்பாடுகளாக அவற்றைச் சுருக்கிய பெருமை முதன்மையாக ஆலிவர் ஹெவிசைட்டைச் சேரும். 16 வயதில் பள்ளியை விட்ட முன்னாள் தந்தி ஊழியர் அவர். ஆற்றல் பாயும் விதத்தைப் பாயின்டிங்கைச் சாராமல் தாமாகவே கண்டடைந்தவரும்கூட. பாடநூல்களில் அவர் பெயர் எவ்வளவு அரிதாக வருகிறது என்பதைப் பார்த்தால் வருத்தம்தான் மிஞ்சும்.

கோட்பாட்டு இயற்பியல் ஏட்டுச் சுரைக்காய் என்பாருக்கும் ஹெவிசைட்டின் வாழ்க்கையே மறுமொழி. தொலைபேசிக் கம்பியில் குரல் சிதையாமல் நெடுந்தூரம் போக, தன்தூண்டலைக் கூட்ட வேண்டும் என்று 1887-இல் அவர் காட்டினார். பிரிட்டிஷ் அஞ்சல் துறையின் செல்வாக்கு மிக்க பொறியாளர் வில்லியம் பிரீஸ், தன்தூண்டல் கேடு விளைவிப்பது என்ற கருத்தில் உறுதியாக நின்று, ஹெவிசைட் தம் அண்ணனுடன் எழுதிய கட்டுரை வெளிவராமல் தடுத்தார். பின்னர் அமெரிக்காவில் மைக்கேல் புபின், கம்பியில் இடைவெளி விட்டுத் தூண்டல் சுருள்களைப் பொருத்தும் முறைக்கு 1900-இல் காப்புரிமை பெற்றார். ஏ.டி.&டி. நிறுவனம் அதைப் பெரும் தொகைக்கு வாங்கியது. ஹெவிசைட்டுக்கு எதுவும் கிடைக்கவில்லை.

இத்தனைக்குப் பிறகும் பாயின்டிங் சொன்னதோடு விவாதம் முடிந்துவிடவில்லை. மூடிய பரப்பு ஒன்றுக்குள் மொத்தம் எவ்வளவு ஆற்றல் நுழைகிறது என்பதில் கருத்து வேறுபாடு கிடையாது. அது எந்தத் தடத்தில் வந்தது என்பதற்கு, அதே மொத்தத்தைத் தரும் வேறு சூத்திரங்களையும் எழுத முடியும். மின்னூட்டம் பெற்ற பொருளின் பக்கத்தில் காந்தம் ஒன்றைச் சும்மா வைத்தால்கூட, பாயின்டிங்கின் சூத்திரப்படி அங்கே ஆற்றல் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். அபத்தமாகத் தோன்றும் இந்த முடிவை ரிச்சர்ட் ஃபைன்மன் தம் விரிவுரைகளில் மறைக்காமல் எடுத்துப் பேசினார். கோண உந்தக் கணக்கு சரியாக வர இந்தச் சுழற்சி தேவை என்பதையும் காட்டினார். 1980-இல் கிரஹாம், லஹோஸ் என்ற இருவர் உருளை மின்தேக்கி ஒன்றை நிலையான காந்தப்புலத்தில் தொங்கவிட்டு, மின்னழுத்தத்தை மாற்றிமாற்றிக் கொடுத்தார்கள். மின்தேக்கி மெல்லத் திருகி அசைந்தது. புலங்களில் உறைந்திருக்கும் என்று கோட்பாடு சொன்ன கோண உந்தம் அந்த அசைவின் அளவோடு பொருந்தியது.