பிள்ளையை யாரிடம் விடுவது?

குடும்ப வாழ்வுப் பாடம்

"சுவாமி, அவர் எனக்கு அடிச்சது உண்மைதான். ஆனாலும் பிள்ளையளுக்கு அவர் அப்பாதானே? பார்க்க விடாமல் மறிச்சால் பாவமில்லையோ?"

பங்குத் தந்தையர் பலருக்கும் பழக்கமான கேள்வி இது. கேட்பவர் பெரும்பாலும் தாய். சிலவேளை தகப்பனும் இதே கேள்வியோடு வருவதுண்டு. ஊர்ப் பெரியவர்கள் வழக்கமாகச் சொல்லும் தீர்ப்பு, "என்ன இருந்தாலும் தகப்பன் தகப்பன்தான், கிழமைக்கு ஒருக்கால் அனுப்பி விடு, போகப் போகச் சரிவரும்" என்பதே. நல்ல நோக்கத்தோடு சொல்லப்படும் இவ்வார்த்தை எப்போதும் நன்மையில் முடியுமா? எம்மவர் பலர் குடியேறி வாழும் அவுஸ்திரேலியாவின் அனுபவம் இதற்கு விடை தருகிறது.

ஒரு மாலைப் பொழுது

2014ஆம் ஆண்டு பெப்ரவரி 12ஆம் திகதி. மெல்பேண் நகருக்கு அப்பாலுள்ள ரையாப் என்னும் சிற்றூரில், 11 வயதுச் சிறுவன் லூக் கிரிக்கெட் பயிற்சியை முடித்து நின்றான். அவனுடைய தாயும் தகப்பனும் பிரிந்து வாழ்ந்தவர்கள். தகப்பனின் வன்முறை பற்றித் தாயார் றோசி பாற்றி பொலிசாரிடம் முறையிட்டிருந்தார். நீதிமன்றப் பாதுகாப்புக் கட்டளைகளும் பிறப்பிக்கப்பட்டிருந்தன. அன்று தகப்பன் மைதானத்துக்கு வந்தார். இன்னும் சில நிமிடங்கள் அப்பாவோடு நிற்கட்டுமா என்று மகன் கேட்டான், தாய் சம்மதித்தார். அந்த மைதானத்திலேயே தகப்பன் மகனைக் கொன்றார்.

அதற்கு முந்திய வன்முறை பெரும்பாலும் தாய்மீதே காட்டப்பட்டது. ஆகவே, "தாயைத்தானே அடித்தார், பிள்ளைமீது உயிரல்லவா" என்ற பேச்சை நம்பிப் பிள்ளையை அனுப்பிவிட முடியாது. தாயை அடிக்கும் வீட்டில் அதைக் கண்டும் கேட்டும் வளரும் பிள்ளையும் காயப்பட்ட பிள்ளையே.

சட்டம் கற்ற பாடம்

அவுஸ்திரேலியாவின் குடும்பச் சட்டம் 1975இல் இயற்றப்பட்டது. 2006இல் அது திருத்தப்பட்டபோது, பிள்ளை பற்றிய முக்கிய தீர்மானங்களில் தாய் தகப்பன் இருவருக்கும் சம பொறுப்பு இருப்பதே பிள்ளைக்கு நல்லது என்ற அனுமானத்திலிருந்து நீதிமன்றம் தொடங்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. வன்முறை நடந்ததென நம்ப நியாயமிருந்தால் அவ்வனுமானம் பொருந்தாது என்றும் எழுதப்பட்டது. ஆயினும், பிள்ளை சரிபாதி நாட்கள் தம்மிடம் இருப்பது தமது உரிமை என்று பலர் பிழையாக விளங்கிக்கொண்டனர். மற்றப் பெற்றாரோடு பிள்ளை உறவாட யார் மனம் ஒப்புகிறார் என்பதையும் நீதிமன்றம் கவனித்தது. இதனால், வன்முறையை எடுத்துச் சொன்னால் பிள்ளையைப் பிரிக்கப் பார்ப்பவர் என்ற பெயர் வந்துவிடுமோ என்று அஞ்சி வாய் மூடியவர்களும் உண்டு.

2012இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இக்குறையை நீக்கி, உறவைவிடப் பாதுகாப்புக்கே கூடிய முக்கியத்துவம் கொடுத்தது. 2024 மே 6ஆம் திகதி முதல் சம பொறுப்பு என்ற அனுமானமும் நீக்கப்பட்டது. இன்று நீதிபதி கவனிக்க வேண்டியவற்றுள் பிள்ளையினதும், பிள்ளையைப் பராமரிப்பவரினதும் பாதுகாப்பு முதலாவதாகச் சொல்லப்படுகிறது. பிள்ளையின் கருத்து, அதன் தேவைகள், அவற்றை நிறைவேற்றும் பெற்றாரின் திறமை, பெற்றாருடன் உறவாடுவதால் வரும் நன்மை ஆகியனவும் ஆராயப்படுகின்றன. பராமரிப்பவரின் பாதுகாப்பும் சேர்க்கப்பட்டிருப்பதை நோக்குக. தாய் நடுங்கிக்கொண்டிருக்கப் பிள்ளை நலமாயிருக்க முடியாதல்லவா?

குற்றச்சாட்டுப் பொய்யானால்?

நியாயமான கேள்வி. கோபத்தில் மிகைப்படுத்துவோரும் உண்டு. ஆனால் பொலிசில் முறைப்பாடு இல்லை என்பதனால் ஒன்றும் நடக்கவில்லை என்று முடிவுகட்டலாகாது. வெட்கத்தால் மறைப்போரே அநேகர். ஆகவே குற்றச்சாட்டை முதலில் ஆராய வேண்டும். பிள்ளையை அனுப்பிவிட்டுப் பின்னர் ஆராய்வது முறையன்று. உண்மை தெளியும்வரை, பொறுப்புள்ள ஒருவரின் கண்காணிப்பில், குறித்த இடத்தில், குறித்த நேரத்துக்குச் சந்திப்பு நடக்கலாம். அதுவும் ஆபத்தாயின் நிறுத்தி வைக்கலாம். குற்றமற்றவர் சிறிது காலம் பொறுத்திருப்பது துன்பமே. ஆயினும் அந்த இழப்பை ஈடுசெய்யலாம். லூக்கின் உயிரை ஈடுசெய்ய முடியவில்லை.

எமது நாடும் திருச்சபையும்

1989ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்டது. அதன் 9ஆம் உறுப்புரையின்படி, பெற்றார் இருவரோடும் தொடர்பு வைத்திருப்பது பிள்ளையின் உரிமை. பிள்ளையின் நலனுக்கு மாறானால் அதற்கு இடமில்லை. எமது 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்செயல் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். இடைக்காலக் கட்டளை 14 நாட்கள் வரையும், பாதுகாப்புக் கட்டளை 12 மாதங்கள் வரையும் செல்லும்.

"பாவமில்லையோ?" என்ற கேள்விக்குத் திருச்சபையின் விடையும் உண்டு. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1153ஆம் விதி, வாழ்க்கைத் துணைக்கோ பிள்ளைகளுக்கோ உடலிலோ உள்ளத்திலோ பாரதூரமான ஆபத்தை விளைவிப்பவரிடமிருந்து பிரிந்து வாழ நியாயமுண்டு என்கிறது. தாமதித்தால் ஆபத்து என்னும் நிலையில் தாமாகவே விலகலாம். மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் 2016இல் வெளியிட்ட குடும்பம் பற்றிய மடலில், பலவீனரைக் காக்கும் பொருட்டுப் பிரிவு சிலவேளை கடமையாகவே ஆகலாம் என்று போதித்தார். பிரிந்த பெற்றார் பிள்ளைகளைப் பணயமாக வைத்துப் போராடலாகாது என்றும் அதே மடலில் எச்சரித்தார். இரண்டையும் சேர்த்தே கற்போம்: ஆபத்திருந்தால் பிள்ளையைக் காப்பது கடமை, ஆபத்தில்லாதபோது பழிவாங்கப் பிள்ளையை மறிப்பது அநியாயம்.

ஆகவே, சமாதானம் பேசப் போகும் பெரியவர்களே, "தகப்பனுக்கு என்ன உரிமை, தாய்க்கு என்ன உரிமை" என்று தொடங்காதீர்கள். "இந்தப் பிள்ளை இன்றிரவு எங்கே பயமின்றி உறங்கும்?" என்று முதலில் கேளுங்கள்.

குடும்பமாகச் சிந்திக்க

1. எமது அயலில் வன்முறைக்கு அஞ்சி வாழும் பிள்ளை உண்டா? நாம் செய்தது என்ன?

2. "பொறுத்துப் போ" என்று நாம் சொன்ன புத்திமதி எவரையாவது ஆபத்தில் விட்டதா?

3. பெற்றாரின் சண்டையில் பிள்ளையைத் தூதாகவோ சாட்சியாகவோ பயன்படுத்துகிறோமா?