முயல் எதைக் கடிக்கலாம்?

பிரிக்ஃபீல்ட்ஸ், கிள்ளான் பக்கம் அடுக்குமாடி வீட்டில் முயல் வளர்க்கிறீர்களா? கடிக்காதே என்று அதைத் தடுக்க முடியாது. முன்பற்கள் வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் வளர்ந்துகொண்டே இருக்கும். அவற்றைத் தேய்க்க முதல் தேவை காய்ந்த திமோத்தி புல். நாள் முழுக்கக் கூண்டில் இருக்கட்டும்.

பழுப்பு அட்டைப்பெட்டி கொடுக்கலாம். டேப், ஸ்டேப்பிள் ஊசி, பளபளக்கும் லேபிள் எல்லாவற்றையும் முதலில் பிய்த்தெடுங்கள். கடித்துக் குதறினால் சரி. அட்டையையே தின்னத் தொடங்கினால் எடுத்துவிடுங்கள். வார்னிஷ் பூசாத பிரம்புக் கூடையும் நல்லதே.

கம்பளம், ரப்பர் பாய், மெத்தைப் பஞ்சு, பிளாஸ்டிக் பை கூடவே கூடாது. முயலால் வாந்தி எடுக்க முடியாது. விழுங்கியது குடலை அடைத்துவிடும். மின்விசிறி வயரில் ஓடுவது 230 வோல்ட். வயர்களைக் கெட்டியான பிளாஸ்டிக் குழாய்க்குள் விடுங்கள். சாமி படத்திலிருந்து கழற்றிய மாலையைக் கூண்டருகே போடாதீர்கள். அதில் அரளி இருந்தால் விஷம். மணி பிளாண்டும் ஆகாது.

அரை நாளாகத் தின்னாமல், புழுக்கை போடாமல் முடங்கிக் கிடந்தால் அது அவசரம். உடனே மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள். எல்லாக் கிளினிக்கிலும் முயலைப் பார்ப்பதில்லை. பார்க்கும் இடத்தை இன்றே விசாரித்து எண்ணைக் குறித்துவையுங்கள்.