இல்லாதவர் பெற்ற கூலி

வகுப்பில் ஆசிரியை பெயர் கூப்பிடும்போது, வராத தோழிக்காக வேறொருத்தி “உள்ளேன் அம்மா” என்று குரல் கொடுப்பதுண்டு. நாம் சிரித்துவிட்டு மறந்துவிடுவோம். இதே தந்திரம்தான் ஒரு மாநகராட்சி மன்றத்தையே கலைத்தது என்றால் வியப்பாக இல்லையா?

1688-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சென்னை மாநகராட்சி, நம் நாட்டிலேயே பழமையானது. சாலை போடவும் கால்வாய் தூர் வாரவும் தினக்கூலி ஆட்களை அமர்த்தி, அவர்கள் பெயரை ‘மஸ்டர் ரோல்’ என்னும் பதிவேட்டில் எழுதி, அதன்படி கூலி கொடுப்பது வழக்கம். அதில் இல்லாத ஆட்களின் பெயர்களும் ஏறின. கூலி வேறு எவர் பைக்கோ போயிற்று. கட்டிய சுவரையாவது அளந்து பார்க்கலாம். வாரிய சேற்றை ஒரு மழைக்குப் பிறகு யார் அளப்பது? இவ்வூழல் வெளிப்பட்டதும், 1973 டிசம்பர் 1 அன்று அரசு மன்றத்தைக் கலைத்துத் தனி அதிகாரியை அமர்த்தியது.

அமெரிக்காவின் நியூயார்க் நகரம் இதைவிடப் பெரிய கொள்ளையை முன்பே கண்டது. ‘பாஸ்’ ட்வீட் என்பவரின் கூட்டத்தார் நீதிமன்றக் கட்டடம் ஒன்றுக்கு எழுதிய பொய்க் கணக்கில், மரவேலை அதிகமில்லாத அக்கட்டடத்தில் ஒரு தச்சருக்கு ஒரே மாதக் கூலி 3,60,000 டாலருக்கும் மேல்! பத்திரிகை கணக்கை அச்சிட்டது. தாமஸ் நாஸ்ட் கேலிச்சித்திரம் வரைந்தார். 1871 தேர்தலில் அக்கூட்டத்தார் பலரை மக்களே தோற்கடித்தனர். ட்வீட் 1878-இல் சிறையில் மாண்டார்.

சென்னை மக்களுக்கோ அந்த வாய்ப்பு 1996 வரை கிட்டவில்லை. ஏறத்தாழ 23 ஆண்டுகள்! திருடனைப் பிடிக்க வந்தவர் வீட்டுக்காரரையும் வெளியே நிறுத்திப் பூட்டியது போலாயிற்று. தெருக்குழாயில் நீர் வராவிட்டால் முறையிட வார்டு உறுப்பினர் இல்லை. அதிகாரியை அடுத்த தேர்தலில் மாற்றவும் இயலாது. தவறு செய்தோரைத் தண்டிப்பது வேறு, வாக்குரிமையை நிறுத்தி வைப்பது வேறு என்றே நமக்குத் தோன்றுகிறது.

1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், மன்றத்தைக் கலைத்தால் ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்றது. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடமும் தந்தது. பின்னர் தமிழகம் அதைப் பாதியாக உயர்த்தியது. இருந்தும் 2016 முதல் 2022 வரை மீண்டும் மன்றமில்லாத காலம் வந்ததை என்னென்பது!

நம் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் முதலிய ஊர்கள் இணைந்து 2021-இல் மாநகராட்சி ஆயின. 70 வார்டுகள். 2022 மார்ச்சில் முதல் மேயரான வசந்தகுமாரி கமலக்கண்ணனுக்கு அப்போது வயது 25. அதே ஆண்டு நவம்பர் 1 அன்று பம்மலில் பகுதி சபைக் கூட்டம் நடந்தது. இச்சபையில் தெருவில் குடியிருப்போரே எழுந்து, தங்கள் கால்வாய் உண்மையில் தூர் வாரப்பட்டதா என்று கேட்கலாம்.