பத்து நிமிடத்தில் சொன்ன தீர்ப்பு

கடையில் ஒரு செண்ட்டைக் காகிதப் பட்டையில் அடித்து நீட்டினார்கள். பச்சிலை வாசம் குப்பென்று ஏறியது, உடனே வாங்கிவிட்டேன். மறுநாள் காலை மணிக்கட்டில் அடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தால், "தலைவலியா? தைலம் தேச்சிருக்கீங்க!" என்றாள் மனைவி. முகர்ந்து பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, பாட்டிலை மச்சினன் தலையில் கட்டினேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு கல்யாண வரவேற்பு. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த மச்சினனிடமிருந்து, தண்ணீர் தெளித்த வெட்டிவேர்த் தட்டியும் அப்போதுதான் சீவிய பென்சிலும் சேர்ந்தாற்போல ஒரு வாசனை. "என்ன செண்ட்டுடா இது?" என்றேன். "நீங்க குடுத்ததுதான் அத்தான். மத்தியானம் அடிச்சது."

வெட்கத்தை விட்டு அதையே மறுபடி வாங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இடது கையை முகர்ந்துகொண்டே திரிந்தேன்.

முதல் கால் மணி நேரம் தைலம்தான். காரணம் ரோஸ்மேரி. நீலகிரித் தைலத்தின் வாசத்துக்குக் காரணமான சினியோல் அதிலும் இருக்கிறது. லேசான பொருள், உடம்புச் சூட்டில் சீக்கிரம் பறந்துவிடும். ஒரு மணி நேரத்தில் பழம்போல ஓர் இனிப்பு எழுந்தது. அட்டையில் 'டவானா' என்று போட்டிருந்தது. ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்றிருந்தேன்; விசாரித்தால், நம் பூக்காரம்மா கதம்பத்தில் வைத்துக் கட்டும் மரிக்கொழுந்து! மத்தியானத்துக்கு மேல் சிடார். அந்தக் காலப் பென்சில்கள் அந்த மரத்தில் செய்தவை. பென்சில் நினைவு வந்தது அதனால்தான். பொழுது சாயும்போது வெட்டிவேர். கனமான பொருள், மெல்லத்தான் ஆவியாகும். படுக்கப் போகும்போதும் தோலோடு ஒட்டிக் கிடந்தது.

ஆனால் மச்சினன்மேல் வந்த அதே வாசனை என்மேல் வரவில்லை. அவனிடம் இனிப்பு தூக்கல், என்னிடம் மண்வாசம். மரிக்கொழுந்துத் தைலம் ஆளுக்கு ஆள் வேறு மாதிரி மணக்கும் என்பது வாசனைத் தொழிலில் இருப்பவர்களிடையே பழைய பேச்சு.

பட்டுத் தெரிந்துகொண்டவை இவை:

காகிதப் பட்டை, வேண்டாததைக் கழிக்க மட்டும். வாங்குவதற்குத் தோலில் அடித்துப் பாருங்கள். கைக்கு ஒன்று, அதற்கு மேல் வேண்டாம். அடித்ததும் கடையை விட்டு வெளியே வந்து, அரை நாள் கழித்து முடிவெடுங்கள்.

மணிக்கட்டுகளை ஒன்றோடொன்று தேய்க்காதீர்கள். சூடேறி, மேல்வாசனை இன்னும் வேகமாக ஓடிவிடும்.

வறண்ட தோலில் வாசனை நிற்காது. மணமில்லாத வாசலினைத் துளி தடவி, அதன்மேல் அடியுங்கள்.

வாசனை போய்விட்டதென்று மறுபடி அடிக்காதீர்கள். பழகிப்போனது உங்கள் மூக்குதான். வெளியிலிருந்து வருபவரைக் கேளுங்கள்.

காலையில் அடித்தால் மனைவி இன்னும் "தைலம்" என்றுதான் சொல்கிறாள். கழுவ ஓடுவதில்லை. விசேஷத்துக்குப் போகவேண்டுமென்றால் ஒரு மணி நேரம் முன்பே அடித்துக்கொள்கிறேன். தைலத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுக் கிளம்பலாம்.